பெயர்களின் வாரம்

திருவருகைக் காலத்தை நம் முன்னோர் ஆகமன காலம் என்று வழங்கினர். சொல் மாறினாலும் பொருள் ஒன்றே. வருகின்றார் ஒருவர், அவரை எதிர்கொள்ளச் சபை ஆயத்தமாக வேண்டும். இந்த ஆயத்தம் நெருங்கிச் செறிவது டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள எட்டு நாள்களில். திருச்சபை இந்நாள்களுக்கெனத் தனி வாசகங்களையும் தனி மன்றாட்டுகளையும் வகுத்துள்ளது. அவற்றை ஓர் இலக்கியத் தொகுப்பாகக் கொண்டு, அதன் அமைப்பு எத்தகையது, அதன் உட்கிடை யாது, நம் பங்குகளில் அது எவ்வாறு எடுத்துரைக்கப்படுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த எட்டு நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை வாசகர் அறிவர். வீடுதோறும் விண்மீன் விளக்குகள் தொங்குகின்றன. இளைஞர்கள் குடில் கட்ட மூங்கிலும் வைக்கோலும் தேடுகின்றனர். சில வீடுகளில் குடிலுக்குப் பச்சை காட்டக் கேழ்வரகை முளைக்கவிடுகின்றனர். பாடற்குழுவினர் இரவில் தெருத் தெருவாகச் செல்கின்றனர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவோர் விழாவுக்கு முன் நெய்து முடிக்க வேண்டியதைக் கணக்கிடுகின்றனர். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரியோடு வடமாநிலம் சென்றவர் எப்போது திரும்புவார் என்று மனைவி மக்கள் நாள் எண்ணுகின்றனர். இவற்றுள் எதையும் நாம் குறைகூறவில்லை. காத்திருத்தல் என்றால் என்ன என்பதை இம்மண்ணில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறோம், அவர் எத்தகைய குடியிலிருந்து வருகிறார் என்பதை அந்நாள்களின் வாசகங்களே சொல்ல வல்லன. அவை திருப்பலிப் பீடத்தருகே ஒருசிலர் முன் படிக்கப்பட்டு, விழா ஆரவாரத்தில் மறைந்துபோகின்றன.

வாசகங்களின் வரலாறு

இவ்வாசகங்களின் வரிசை மிகப் பழையதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய தன் கொள்கைத் திரட்டில் விவிலியக் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதன் பயனாக 1969-இல் புதிய வாசக ஒழுங்கு வெளிவந்தது. அதற்கு முன்னர்த் திருவருகைக் கால வார நாள்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தனி வாசகம் கிடையாது. முந்திய ஞாயிற்றின் வாசகங்களே மீண்டும் வந்தன. 1969-க்குப் பின்னரே இறுதி எட்டு நாள்களும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முதல் வாசகமும் ஒரு நற்செய்தியும் பெற்றன.

நற்செய்தி வரிசையை நோக்குவோம். 17-ஆம் நாள் மத்தேயு தரும் மூதாதையர் பட்டியல். 18-ஆம் நாள் யோசேப்பின் கனவு. 19-இல் கோவிலுக்குள் செக்கரியா. 20-இல் மரியாவுக்கு வானதூதர் உரைத்த செய்தி. 21-இல் மரியா எலிசபெத்தைச் சந்தித்தல். 22-இல் மரியாவின் பாடல். 23-இல் யோவானின் பிறப்பும் பெயரிடுதலும். 24-ஆம் நாள் காலையில் செக்கரியாவின் பாடல். முதல் இரண்டு நாள்கள் மத்தேயுவுக்கும், எஞ்சிய ஆறு நாள்கள் லூக்காவின் முதல் அதிகாரத்துக்கும் உரியவை.

இவற்றைத் தனித்தனியே கேட்பவர்க்கு எட்டு நிகழ்ச்சிகள் கிடைக்கும். தொடர்ந்து கேட்பவர்க்கோ ஒரே இழை புலப்படும். அந்த இழை பெயர். பெயர்களின் பட்டியலில் தொடங்கி, ஒரு குழந்தைக்குப் பெயரிடுவதில் கனிந்து, ஆபிரகாமையும் தாவீதையும் மீண்டும் நினைவுகூர்ந்து முடிகிறது இந்த வாரம். குடி, குலம், மரபு ஆகியவற்றைப் பற்றி இறைவன் என்ன நினைக்கிறார் என்பதே இதன் உட்கிடை. குலத்தைக் கேட்டே உறவாடிப் பழகிய நம் சமவெளிக்கு இதைவிட நெருக்கமான பொருள் வேறு உண்டோ?

தாண்டிச் செல்லப்படும் பட்டியல்

17-ஆம் நாள் நற்செய்தியைப் படிக்க வாசகர் எவரும் விரும்புவதில்லை. வாயில் நுழையாத பெயர்கள் நாற்பதுக்கும் மேல். மறையுரையாளரும் இதனை ஒரு வாக்கியத்தில் சுருக்கி அடுத்த கருத்துக்குச் சென்றுவிடுவதே பெருவழக்கு. ஞாயிறு மட்டும் கோவிலுக்கு வருவோர் இதனைக் கேட்கும் வாய்ப்போ மிக அரிது. டிசம்பர் 17 ஞாயிறாக அமையும் ஆண்டுகளில், 2017-இலும் 2023-இலும் நேர்ந்ததுபோல, மூன்றாம் ஞாயிற்றின் வாசகங்கள் முந்திக்கொள்கின்றன. இதே பட்டியல் வரும் வேறு நாள்கள் இரண்டு. ஒன்று, செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழா. மற்றொன்று, டிசம்பர் 24 மாலைத் திருப்பலி. இவ்விரண்டிலும் பட்டியலை விட்டுவிட்டுச் சுருக்கமாகப் படிக்க அனுமதி உண்டு. மேலும், நள்ளிரவுத் திருப்பலியே விழாவின் முகமாகிவிட்ட நம் ஊர்களில் 24 மாலைத் திருப்பலி பலரும் அறியாத ஒன்று. ஆக, ஆண்டவரின் குடிவழியை முழுமையாகக் கேளாமலே ஒரு கத்தோலிக்கர் தம் வாழ்நாளைக் கழித்துவிட முடியும்.

பெயர்ப்பட்டியல் சலிப்பூட்டும் என்று சொல்வோர் தமிழர் செவியை அறியாதவர். கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை இரவு இரவாக அமர்ந்து கேட்ட மக்கள் இவர்கள். அக்கதை பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறப்புகளோடு தொடங்குவதில்லை. பாட்டன் கோளாத்தாக் கவுண்டர், தந்தை குன்றுடையாக் கவுண்டர், தாய் தாமரை என மூன்று தலைமுறைகளைக் கடந்தே அவர்களிடம் வருகிறது. தலைமுறை சொல்லாமல் தலைவன் வருவதில்லை என்பது இம்மண்ணின் கதைமரபு. மத்தேயு செய்வதும் இதுவே.

இன்னும் அண்மையான ஒப்புமையும் உண்டு. நம் ஊர்களின் திருமணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். பாட்டன், பாட்டி, பெற்றோர், தாய்மாமன்மார், பெரியப்பா, சித்தப்பா என எத்தனை பெயர்கள்! அதனை எவரும் சலிப்போடு படிப்பதில்லை. யார் பெயர் முதலில் இருக்கிறது, யார் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்று உற்றுநோக்கியே படிக்கின்றனர். பிற சாதியில் மணந்து சென்ற அத்தையின் பெயர் அங்கே இராது. வழக்கில் சிக்கிய சிற்றப்பாவின் பெயரும் இராது. பத்திரிகையில் இல்லாத பெயர்களே அக்குடும்பத்தின் உண்மை வரலாற்றைச் சொல்லும்.

மத்தேயுவின் பட்டியலை இக்கண்கொண்டு படித்தால் அது வெடிமருந்துபோல் இருக்கும். நாம் விட்டுவிடும் பெயர்களை அவர் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார். சாரா, ரெபேக்கா போன்ற புகழ்பெற்ற அன்னையர் அதில் இல்லை. தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வர் இருக்கின்றனர். இராகாபு எரிகோ நகரத்துப் புறவினப் பெண். ரூத்து மோவாபியப் பெண். தாமாரும் கானான் நாட்டவளாகவே பெரும்பாலும் கருதப்படுகிறாள். நான்காமவர் இத்தியனான உரியாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். இவ்வாறு அயலாரின் இரத்தம் தாவீதின் குடியில் கலந்திருப்பதை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. முதற்பக்கத்திலேயே எழுதி வைக்கிறார்.

இங்கே மறையுரைகளில் அடிக்கடி நேரும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டும். இந்நால்வரையும் பாவிகள் என ஒரே சொல்லில் அடக்கி, இறைவன் பாவிகளையும் ஏற்றுக்கொண்டார் என்று முடித்துவிடுவது எளிய வழியாகிவிட்டது. நூலை ஊன்றிப் படிப்போர்க்கு இது பொருந்தாது. ரூத்து செய்த பாவம் எது? கைம்பெண்ணான மாமியாரைக் கைவிடாததா? தாமாரைத் தன்னினும் நேர்மையானவள் என்று யூதாவே ஒப்புக்கொள்கிறான். இராகாபு அடைக்கலம் தந்தவள். நான்காமவரின் பெயரை மத்தேயு சொல்லாமல் 'உரியாவின் மனைவி' என்றே குறிப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. குற்றம் அவள்மீது விழாமல், பிறன் மனைவியைக் கவர்ந்து அவனையும் கொல்வித்த தாவீதின் மீதே விழும்படி அமைந்த தொடர் அது. பேரரசன் பெயர் நிற்கும் இடத்திலேயே கொலையுண்ட போர்வீரன் பெயரும் நின்று சான்று பகர்கிறது.

பட்டியலின் முடிவே அதன் உச்சம். கிரேக்க மூலத்தில் ஒருவர் மற்றொருவரைப் பெற்றார் என்னும் வினை ஏறத்தாழ நாற்பது முறை ஒரே தாளத்தில் வருகிறது. யோசேப்பை அடைந்ததும் தாளம் முறிகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார் என்று அது சொல்வதில்லை. வினை செயப்பாட்டாக மாறி, மரியாவிடமிருந்து இயேசு பிறந்தார் என்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வினைக்குப் பதிலாக 'மகன்' என்னும் உறவுப்பெயரை அடுக்கிச் செல்கிறது. படிக்க எளிமையானது, தமிழுக்கும் இயல்பானது. ஆயினும் வினை மாறும் இடத்தின் அதிர்ச்சி அதில் சற்றே மழுங்குகிறது என்பது நம் கருத்து. படிப்பவர் அவ்விடத்தில் ஒரு மூச்சு நிறுத்திப் படித்தால் அந்தக் குறையும் நீங்கும். தலைமுறை தலைமுறையாக இரத்தத்தால் இறங்கி வந்த ஒரு பட்டியல், இறுதியில் இரத்த உறவே இல்லாத ஒரு தச்சரிடம் வந்து நிற்கிறது. அப்படியானால் தாவீதின் மரபு இயேசுவுக்கு எவ்வாறு வந்தது? இதற்கு விடை மறுநாள் நற்செய்தியில் இருக்கிறது.

பெயரிட்டவரே தந்தை

18-ஆம் நாள் நற்செய்தியில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசவில்லை. நான்கு நற்செய்திகளையும் தேடினாலும் அவர் வாய்ச்சொல் ஒன்று கிடைக்காது. குழந்தைக்கு அவரே இயேசு என்று பெயரிட வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த கட்டளை. அவர் அவ்வாறே செய்கிறார். அக்கால யூதர் வழக்கில், ஒரு குழந்தைக்குப் பெயரிட்டு அதனைத் தனதென ஏற்பவர் சட்டப்படி தந்தை. ஆகவே தாவீதின் மரபு இயேசுவுக்குப் பிறப்பால் வந்ததைவிட ஏற்பால் வந்தது என்று சொல்லலாம். குலப்பெருமை பேசும் பட்டியலைப்போல் தொடங்கிய ஒன்று, குலத்தை அன்பின் செயலாக மாற்றி முடிகிறது.

யோசேப்பைத் தலைவராக்கிப் பெருங்காப்பியம் படைத்த பெருமை தமிழுக்கு உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணி மூன்று காண்டங்களில், 36 படலங்களில், 3,615 பாடல்களில் அவரை வளன் என்னும் பெயரால் பாடுகிறது. அவர் உள்ளத்தில் ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் அது நீங்குவதற்கு ஒரு படலமும் வகுத்து, மத்தேயு சில வரிகளில் சொன்ன துன்பத்தைக் காப்பியம் விரித்துக் காட்டுகிறது. ஆயினும் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்னும் காப்பிய இலக்கணத்துக்கு இணங்க, வளனின் அரச குடிச் சிறப்பும் அங்கே ஓங்கி ஒலிக்கிறது. இது காப்பியத்தின் குறையன்று, அதன் மரபு. மத்தேயுவின் நோக்கோ வேறு. அவர் குடியை உயர்த்திப் பாடவில்லை. குடியின் விரிசல்களை எண்ணிக் காட்டுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு உலகக் கிறிஸ்தவருள் நமக்கே வாய்த்தது. டிசம்பர் 18 அன்று எத்தனை பங்குகளில் தேம்பாவணியின் பெயரேனும் சொல்லப்படுகிறது?

வாய்மூடிய குரு

19-ஆம் நாள் நற்செய்தி, சபையை ஆயத்தம் செய்ய விழையும் எவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஒன்று. லூக்கா நற்செய்தியில் நாம் முதலில் காணும் சபை இதுவே. குரு செக்கரியா தூபம் காட்டக் கோவிலுக்குள் செல்கிறார்; மக்கள் கூட்டம் வெளியே நின்று வேண்டுகிறது. உள்ளே நேரம் ஆகிறது. வெளியே மக்கள் காத்திருக்கின்றனர். குரு வெளியே வந்தபோது அவரால் பேச முடியவில்லை. மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி உலகிலேயே மிகப் பெரியதாக இருக்கும்போது, சொல்ல வேண்டியவரின் நா கட்டப்படுகிறது. சொல்லும் முன் நம்ப வேண்டும் என்னும் பாடம் அவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் கற்பிக்கப்படுகிறது. மறையுரையாளருக்கு இதனினும் கூர்மையான மறையுரை இல்லை.

அன்றைய முதல் வாசகம் மனோவாகின் மனைவியைப் பற்றியது. மலடி என்று பெயரெடுத்த அப்பெண்ணிடம் வானதூதர் வருகிறார். சிம்சோன் பிறப்பான் என்கிறார். வியப்பு என்னவென்றால், பெயர்களால் நிறைந்த இவ்வாரத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. 22-ஆம் நாள் முதல் வாசகத்தில் அன்னா, தவமிருந்து பெற்ற சாமுவேலை ஆலயத்தில் ஒப்படைக்கிறாள். குழந்தையில்லாத பெண்ணைச் சுபகாரியங்களில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியாத நம் ஊர்களில், இவ்வாசகங்களைக் கேட்டுக் கண்ணீரை அடக்கிக்கொள்ளும் பெண்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. அண்ணன்மார் கதையில் பிள்ளைவரம் வேண்டி நெடுந்தவம் புரிந்த தாமரையை நம் மக்கள் போற்றுகின்றனர். பக்கத்து வீட்டுத் தாமரையை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குகின்றனர். இதனைத் தொடாத மறையுரை இந்நாள்களின் வாசகத்தைத் தொட்டதாகாது.

20, 21, 22 ஆகிய மூன்று நாள்களும் மரியாவுக்கு உரியவை. 22-ஆம் நாள் அவர் பாடும் பாடலின் இறுதியில் ஆபிரகாமின் பெயர் வருகிறது. 17-ஆம் நாள் பட்டியலின் தலைப்பெயரும் அதுவே. ஆனால் இடையில் எத்தனை மாற்றம்! பட்டியலில் அரசர்கள் அணிவகுத்து நின்றனர். பாடலிலோ வலியோர் அரியணையினின்று இறங்குகின்றனர், தாழ்ந்தோர் உயர்கின்றனர். தம் முன்னோரின் பட்டியலில் அரசர் பலர் உண்டு என்பதை மறந்து ஒரு நாசரேத்துப் பெண் பாடிய பாடலா இது? மறக்கவில்லை, அறிந்தே பாடினார் என்று கொள்வதே இவ்வாசக வரிசைக்கு ஏற்ற பொருள்.

உறவினர் அறியாத பெயர்

23-ஆம் நாள் கதை முடிச்சு அவிழ்கிறது. எலிசபெத்தின் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே இட உறவினர் முனைகின்றனர். தாய் மறுத்து யோவான் என்கிறாள். உங்கள் உறவினருள் இப்பெயர் உடையவர் எவரும் இல்லையே என்பது அவர்களின் வாதம். தமிழர்க்கு இவ்வாதம் நன்கு விளங்கும். பாட்டனின் பெயரைத் தாங்குவதாலேயே ஒருவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவியது. நம் மொழியில் உறவுமுறையே பெயரால் ஆனது. குடிப்பெயரை விட்டுப் பிள்ளைக்குப் புதுப்பெயர் சூட்டினால் வீட்டில் எழும் மனத்தாங்கலை நாம் அறிவோம்.

வாய் பேசா முதியவர் ஒரு பலகை கேட்டு வாங்கி அப்பெயரையே எழுதுகிறார். அந்த நொடியில் அவர் நா கட்டவிழ்கிறது. தம் குடிப்பெயர் தம் மகனோடு தொடர வேண்டும் என்ற ஆசையை அவர் விட்டுக்கொடுத்த நொடியும் அதுவே. 17-ஆம் நாள் பெயர்கள் வழிவழியாக இறங்கி வந்தன. 18-ஆம் நாள் பெயர் அன்பால் அளிக்கப்பட்டது. 23-ஆம் நாள் பெயர் குடிக்கு வெளியே இருந்து, இறைவனிடமிருந்து வந்தது. மூன்றையும் ஒன்றாக வைத்துக் காண்பவர்க்கு வாசகத் தொகுப்பாளரின் திறம் புலப்படும்.

இதே நாள்களில் மாலை வழிபாட்டில் மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக ஏழு அழைப்புகள் இடம்பெறுகின்றன. எட்டாம் நூற்றாண்டளவிலேயே உரோமையில் வழங்கிய பழமை உடையவை இவை. 17 முதல் 23 வரை நாளுக்கு ஒன்றாக, வருகின்றவர் ஏழு பெயர்களால் விளிக்கப்படுகிறார்: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். இவற்றின் இலத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் 'நாளை வருவேன்' என்று பொருள்படும் தொடர் அமையும் என்பர். அரசர் பலரின் பெயர் தாங்கிய பட்டியலைக் காலையில் கேட்ட திருச்சபை, மாலையில் அவருக்கு இவ்வேழு பெயர்களைச் சூட்டி அழைக்கிறது. விளித்தலுக்கெனத் தனி வேற்றுமையும், அதற்கெனத் தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலும் உடைய மொழி நம்முடையது. இவ்வழைப்புகளுக்குத் தமிழைவிடப் பொருத்தமான மொழி அரிது. ஆயினும் இவை துறவியர் இல்லங்களின் கட்டளைச் செபத்தோடு நின்றுவிட, பொதுநிலையினர் இவற்றின் சுவை அறியாதிருப்பது இழப்பே.

இம்மண் கேட்ட முதல் கேள்வி

இவையெல்லாம் வெறும் நூல்நயம் பாராட்டல் என்று எவரும் எண்ண வேண்டா. நம் சமவெளியின் மறைப்பணி வரலாறே குலம் பற்றிய கேள்வியோடு தொடங்கியது. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அதற்கு முன்னரே, 1611-இல், தாம் பறங்கியர் அல்லர் என்றும் உரோமையில் உயர்குடியில் பிறந்தவர் என்றும் ஓலையில் எழுதி மதுரையில் அறிவிக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. நற்செய்தி என்ன என்று கேட்கும் முன் சொல்பவரின் குலம் என்ன என்று கேட்ட சமுதாயம் அது. பின்னர் 1640-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனப் பண்டாரச் சாமிகள் என்னும் தனிப் பணியாளர் முறையும் மதுரை மறைப்பணியில் தோன்றியது. அக்காலச் சூழலில் அப்பெரியோர் எடுத்த முடிவுகளை இன்று நாம் இருந்த இடத்திலிருந்து தீர்ப்பிடுவது எளிது. அது நம் நோக்கமன்று. அக்கேள்வி இன்னும் அடங்கவில்லை என்பதே நம் கவலை.

கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்று இந்திய ஆயர் பேரவை 1982-இல் அறிவித்தது. தலித் மக்களின் முன்னேற்றத்துக்கான கொள்கை ஆவணத்தை 2016 டிசம்பரில், திருவருகைக் காலத்திலேயே, அதே பேரவை வெளியிட்டது. அறிக்கைகள் போதாமல் மீண்டும் மீண்டும் எழுத வேண்டியிருப்பதே நோயின் ஆழத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதி பிரித்து வைத்தது ஊரறிந்த செய்தி. அறிக்கைகளைப் படிக்காதவரும் நற்செய்தியைக் கேட்பர். டிசம்பர் 17 அன்று அந்தப் பட்டியல் உரிய முறையில் எடுத்துரைக்கப்பட்டால், மோவாபியப் பெண் ஒருத்தியின் வழிவந்தவரைத் தொழுதுவிட்டு அயல் சாதி மருமகளை வாசலில் நிறுத்தி வைக்க எவருக்கு மனம் வரும்? வந்தாலும், எந்த முகத்தோடு குடிலின் முன் மண்டியிடுவார்?

குறையும் நிறைவும்

வாசகத் தொகுப்பிலும் குறை உண்டு. 17-ஆம் நாள் முதல் வாசகமாக யாக்கோபு யூதாவுக்கு அளித்த ஆசி தரப்பட்டுள்ளது. செங்கோலையும் அரசையும் பேசும் பகுதி அது. பட்டியலில் உள்ள அரச இழையை மட்டுமே அது ஒளிபெறச் செய்கிறது. தாமாரின் கதையோ, இராகாபின் கதையோ, ரூத்தின் கதையோ, உரியாவின் சாவோ இவ்வாரம் முழுவதிலும் வாசகமாக வரவில்லை. அக்கதைகளை அறியாத செவிக்கு அப்பெயர்கள் வெறும் ஒலி. ஆகவே தொகுப்பாளர் விட்டதை மறையுரையாளரும் மறைக்கல்வி ஆசிரியரும் நிரப்ப வேண்டும். நான்கு கதைகளையும் நான்கு மணித்துளிகளில் சொல்லிவிடலாம்.

நம் சூழலுக்கேற்ற வழிகள் சில உண்டு. முதலாவது, 17-ஆம் நாள் நற்செய்தியை எடுத்துரைப்பவர் முன்கூட்டியே பயிற்சி செய்து, மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நிறுத்திப் படிப்பது நன்று. இரண்டாவது, மாதம் ஒருமுறையே திருப்பலி காணும் கிளைப்பங்குகளில் உபதேசியார் தலைமையிலோ அன்பியக் கூட்டத்திலோ எட்டு மாலைகளில் எட்டு நற்செய்திகளையும் படிக்கலாம். விசைத்தறிப் பட்டறையில் முறைவேலை முடிந்து வருவோர்க்கும் அரைமணி நேரம் அமர்ந்து கேட்பது இயலும். மூன்றாவது, வீடு வீடாகச் செல்லும் பாடற்குழு, ஒவ்வொரு வீட்டிலும் பாடலுக்கு முன் அன்றைக்குரிய விளிப்பெயர் ஒன்றை அழைத்துவிட்டுப் பாடலாம். நான்காவது, மறைக்கல்வி மாணவரிடம் தம் குடும்பத்தின் மூதாதையர் பெயர்களை எழுதச் சொல்லலாம்; வீட்டில் எவரும் சொல்லத் தயங்கும் பெயர் ஒன்று இருந்தால் அதற்காகவும் மன்றாடக் கற்பிக்கலாம்.

விடியற்காலையும் நமக்கு உதவும். டிசம்பர் 17 மார்கழியின் தொடக்க நாள்களுள் ஒன்று. இருள் பிரியும் முன் எழுந்து நீராடிக் கோலமிட்டுப் பாவை பாடும் நெறியை நம் அயலார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிக்குத் திரண்டு வருகின்றனர். வயலுக்கும் வேலைக்கும் செல்வோர்க்கு ஏற்ற நேரமாக அது வளர்ந்தது. மார்கழியின் குளிரையும் கோலத்தையும் உடைய நமக்கு அத்தகைய வழக்கம் அயலானதாக இராது. ஜவ்வரிசி ஆலைக்கும் லாரிப் பட்டறைக்கும் புறப்படும் முன் ஒரு பெயரைச் செவியில் ஏந்திச் செல்ல முடியுமானால் அந்நாள் முழுவதும் வேறாக அமையும்.

24-ஆம் நாள் காலை முதல் வாசகத்தில் தாவீது ஆண்டவருக்கு ஒரு வீடு கட்ட விழைகிறார். நீ எனக்குக் கட்ட வேண்டாம், நானே உனக்கு ஒரு வீட்டைக் கட்டுவேன் என்பதுபோல் இறைவனின் மறுமொழி அமைகிறது. அங்கே வீடு என்பது கல்லாலான கட்டடத்தினின்று வழிமரபாகப் பொருள் விரிகிறது. தமிழில் குடி என்னும் சொல்லும் இவ்வாறே வீட்டையும் குலத்தையும் மக்களையும் ஒருங்கே குறிக்கும். குடில் அதற்கு ஓசையிலும் பொருளிலும் அண்டை வீடு. டிசம்பர் 17 அன்று குடியைப் பற்றிக் கேட்கும் சபை, 24 இரவு குடிலின் முன் வந்து நிற்கிறது. மூங்கிலும் வைக்கோலும் கொண்டு நாம் கட்டும் அக்குடிலுக்குக் கதவு வைப்பதில்லை. உள்ளே இருப்பவரின் குடிப்பட்டியலை அறிந்தவர்கள், அதன் முன் நிற்போர் எவரையும் நீ எந்தக் குலம் என்று கேளார்.